ஒட்டுசுட்டான் வீதியில் ஒரு காட்டுச்சாமான் கடை: எதை வாங்கலாம், எதை விடலாம்

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில் ஒட்டுசுட்டானைத் தாண்டியதும் ஒரு தகரக் கொட்டில் கண்ணில் படும். பெயர்ப்பலகை இல்லை. முன்னால் நீட்டு மேசை, அதில் தேன் போத்தல்கள். பின்னால் கயிற்றில் தொங்கும் வத்தல் பைகள், உள்ளே அரிசி கட்டின உரப்பைகள். வைகாசி, ஆனி மாதமென்றால் ஓலைப்பெட்டி நிறையப் பாலைப்பழம். கடைக்கே பெயர் இல்லாததால் நானும் பெயர் சொல்லாமலே எழுதுகிறேன். வாசலில் பெரிய விளாமரம் நிற்கிறது, தவறவிட மாட்டீர்கள்.

"நல்ல காட்டுத்தேன் எங்கே கிடைக்கும்?" என்று கனடாவிலிருந்தும் கொழும்பிலிருந்தும் கேட்கிறவர்களுக்குத் தொலைபேசியில் விளக்கி விளக்கி அலுத்துவிட்டது. ஒரேயடியாக எழுதிவிட்டால் அனுப்பிவிட்டுப் பேசாமல் இருக்கலாம். நான் விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், வீடு முள்ளியவளை. ஆகவே ருசியைப் பற்றி இதில் கொஞ்சம்தான் இருக்கும். மிச்சமெல்லாம் அந்த மேசைக்குச் சாமான் எப்படி வந்து சேருகிறது என்ற கதை. அது தெரியாமல் விலையை மட்டும் கேட்டு, "ஐயோ, கூட" என்று சொல்லி வாகனத்தில் ஏறிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் தேன். இங்கே நான்கு விதத் தேன் வரும், ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் வராது. உயர்ந்த மரத்தின் கிளையில் ஒற்றை அடையாகத் தொங்குகிற பெருந்தேன். மரப்பொந்துக்குள்ளும் புற்றுக்குள்ளும் அடுக்கடுக்காக அடை வைக்கிற பொந்துத்தேன். பற்றைக்குள் சின்னக் கொம்பைச் சுற்றி உள்ளங்கையளவு அடையாக இருக்கும் கொம்புத்தேன். நான்காவது, கொட்டாத குட்டித் தேனீ சுவர் வெடிப்பிலும் மரத் துவாரத்திலும் மெழுகையும் பிசினையும் குழைத்துச் சேர்த்து வைக்கிற புளிப்புத் தேன். இலங்கையில் தேன் சேர்க்கும் தேனீ இனங்கள் இந்த நான்குதான்; கொட்டுவது மூன்று, கொட்டாதது ஒன்று. நான்கின் தேனையும் ஒரே மேசையில் விற்கிற வேறு கடையை நான் இந்தப் பக்கம் காணவில்லை.

நான் கடைசியாகப் போனபோது பெருந்தேன் போத்தல் 2800 ரூபா, பொந்துத்தேன் 3200. கொம்புத்தேன் வந்தால் வரும், வந்த அன்றே போய்விடும். குட்டித் தேனீயின் தேனை மருந்துப் போத்தலில் மட்டும் தருகிறார்கள். விலையைச் சொன்னால் வாய் பிளப்பீர்கள், ஆனால் ஒரு கூட்டில் எடுக்கக் கிடைப்பதே சில கரண்டிதான். ருசிக்கு என் தேர்வு பொந்துத்தேன். மனைவிக்குப் பெருந்தேன்தான் வேண்டும், அந்தக் கடும் தேத்தண்ணீர் நிறமும் தொண்டையில் நிற்கிற காரமும் மற்றதில் இல்லையாம். இந்த விஷயத்தில் எங்கள் வீட்டில் சமாதானம் இல்லை.

பெருந்தேன் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் ஈரம் இயல்பாகவே கூட. தேனில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது உலக உணவுத் தரங்களில் சொல்லப்பட்ட அளவு. திறந்த வெளியில் தொங்குகிற அடை, அதுவும் மழைக்குப் பிறகு எடுத்ததென்றால், சுலபமாக அதைத் தாண்டிவிடும். நுரை வரும், புளிக்கும், இறுக்கிய மூடியைத் தள்ளும். அதைக் கண்டு கலப்படம் என்று சண்டைக்குப் போகாதீர்கள். அதேபோல அடியில் சீனி மாதிரி உறைந்தாலும் கலப்படமில்லை. எறும்பு மொய்க்காது, தண்ணீரில் சொட்டு அப்படியே அடிக்குப் போகும், நெருப்புக்குச்சியைத் தோய்த்தால் பற்றும் என்று சொல்லிக்கொண்டு திரிகிற சோதனைகள் எதையும் நம்ப முடியாது. இறுகக் காய்ச்சிய சீனிப்பாணியும் அவற்றில் தேறிவிடும், ஈரம் கூடின நல்ல தேன் தோற்றுவிடும். உண்மையான சோதனை ஆய்வுகூடத்தில்தான் உண்டு. மற்றபடி ஆளைத் தெரிந்து வாங்குவதுதான் வழி. அப்புறம், எந்தத் தேனாக இருந்தாலும் ஒரு வயது நிரம்பாத குழந்தையின் நாக்கில் வைக்க வேண்டாம். அதில் இருக்கக்கூடிய கிருமியின் வித்து பெரியவர்களை ஒன்றும் செய்யாது, கைக்குழந்தையைச் சரித்துவிடும்.

கடையின் முதல் குறை இங்கேதான் வருகிறது. நான்கு தேனுக்கும் "சுத்தமான காட்டுத்தேன்" என்று ஒரே ஸ்ரிக்கர். எது எதுவென்று வாயால் கேட்டால் மட்டும் சொல்வார்கள். கடையை நடத்துகிற தாயும் மகளும் நேர்மையான ஆட்கள்தான், ஆனால் இது எனக்குப் பிடிக்கவில்லை. மகளிடமே கேட்டேன்.

"பிள்ளை, எது எது எண்டு எழுதி ஒட்டினால் என்ன?"

"சனம் காட்டுத்தேன் எண்டுதானே ஐயா கேக்குது. இது பெருந்தேன், இது பொந்துத்தேன் எண்டு சொன்னா, அப்ப மற்றது கலப்படமோ எண்டு கேக்கினம்."

வாங்குகிறவனுக்குக் காடு என்றால் ஒரே சாமான். விற்கிறவளும் அதற்கேற்ற மாதிரி ஒட்டிவிட்டாள். சரி, அவளைக் குறை சொல்லி என்ன பயன்.

இந்தக் கடையை நான் மெச்சுவதற்கு ஒரு காரணம் சொல்லச் சொன்னால், மேசை வெறுமையாகக் கிடந்து நான் கண்டதில்லை என்பேன். பெருந்தேன் மட்டும் விற்கிற வீதியோரக் கொட்டில்கள் வேறும் உண்டு. பாலை மரம் சரியாகப் பூக்காத வருடத்தில் அவை பூட்டிக் கிடக்கும், அல்லது பாணி விற்கும். பெருந்தேனீ ஓரிடத்தில் நிலையாக இருக்கிற சாதியல்ல. பூவைத் தேடி இடம்பெயர்வது, பூ இல்லையென்றால் வராது. போன பருவத்தில் அதுதான் நடந்தது. "பாலை ஏமாத்திப் போட்டுது ஐயா" என்றார் தாய். ஆனால் வேம்பும் நாவலும் ஆற்றங்கரை மருதும் வழக்கம்போல் பூத்தன, பொந்துத் தேனீ அவற்றில் வேலை செய்தது. பெருந்தேன் இருந்த இடத்தில் பொந்துத்தேன் நின்றது. பாலைப்பழம் குறைந்த இடத்தில் வீரைப்பழமும் விளாம்பழமும் வந்தன. கடைக்காரிக்கு வருமானம் குறைந்தது, நிற்கவில்லை.

இதைப் பார்த்தபோது எனக்கு அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் சீடர் கிரீக் என்ற இடத்துப் புல்வெளிகள் ஞாபகம் வந்தன. அங்கே டேவிட் ரில்மன் என்ற சூழலியலாளர் 1982இல் தொடங்கிய பரிசோதனையில் இருநூறுக்கு மேற்பட்ட துண்டுகளைப் பிரித்து, வெவ்வேறு அளவில் நைதரசன் உரம் போட்டு வைத்திருந்தார். 1988இல் கடும் வரட்சி வந்தது. ஒன்றிரண்டு இனங்களே மிஞ்சியிருந்த துண்டுகள் காய்ந்து சரிந்தன. பல இனம் கலந்து நின்ற துண்டுகளில் விளைச்சல் அவ்வளவு விழவில்லை, பழைய நிலைக்கும் கெதியாகத் திரும்பின. 1994இல் இது வெளியானதும் மற்ற விஞ்ஞானிகள் விடவில்லை. நைதரசன் உரம் கூடப் போட்ட துண்டுகளில்தானே இனங்கள் குறைந்தன, அப்படியென்றால் வரட்சியில் வாடியதற்குக் காரணம் இனக்குறைவா, உரமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அவர் புதிய துண்டுகளைப் பிரித்து, ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு இனம் என்று குலுக்கல் முறையில் விதைத்தார். சில வருடங்களில் பதினாறு இனத் துண்டுகளின் விளைச்சல் ஒற்றை இனத் துண்டுகளைவிடச் சராசரியாக 2.7 மடங்கு வந்தது.

ஏன் என்றால் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. ஒன்றின் வேர் ஆழம் போகும், மற்றது மேல்மண்ணிலே பரவும். ஒன்று குளிர் நாளில் தழைக்கும், மற்றது வெயிலில். அவரை இனத்துச் செடி காற்றிலுள்ள நைதரசனை மண்ணுக்குள் பிடித்து வைக்கும், பக்கத்துப் புல் அதைத் தின்று வளரும். பல இனம் விதைத்தால் அதற்குள் ஒரு திறமான இனம் தற்செயலாக விழுந்துவிடும் வாய்ப்பும் கூட. அதுவும் உண்மைதான், விஞ்ஞானிகள் அதை மறைக்கவில்லை. ஆனால் பதினாறு சேர்ந்த துண்டுகளில் பல, மிகத் திறமான ஒற்றை இனத் துண்டையும் முந்தின. முத்தையன்கட்டுப் பக்கம் காட்டுக்குள் நடந்து பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மேலே பாலையும் முதிரையும், கீழே நிழலில் வீரை, அதற்கும் கீழே சூரைப் பற்றை. ஒரே வெயிலையும் ஒரே மழையையும் மூன்று தட்டாகப் பங்கு போட்டுக்கொள்கின்றன.

பாலைப்பழத்துக்கு வருகிறேன். இதைத் தின்னத் தெரியாதவர்கள் முதல் பழத்திலேயே உதடு ஒட்டிக்கொண்டு முழிப்பார்கள். பால் வற்ற நன்றாகப் பழுத்ததைத் தெரிந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தின்ன வேண்டும். தின்று முடித்துக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினால் பிசின் போகும். கடையில் தருகிற பழம் பெரும்பாலும் விழுந்து பொறுக்கியதும் ஏறிப் பறித்ததும். கொப்பை வெட்டி விழுத்திப் பழம் எடுக்கிற பழக்கம் வன்னியில் பரவலாக இருக்கிறது. ஒரு பாலை பெரிய மரமாக எத்தனை தலைமுறை எடுக்கும் என்று யோசியாத வேலை. இந்தக் கடைக்காரர்கள் அப்படி வெட்டியதை வாங்குவதில்லை என்கிறார்கள். பெட்டியில் கொப்பு முறிந்த காயோ பச்சை இலையோ நான் கண்டதில்லை, ஆகவே நம்புகிறேன்.

பாலைப்பழத்துக்கு எங்களைவிடப் பெரிய வாடிக்கையாளர் கரடி. பருவம் வந்தால் கரடி மரமேறித் தின்னும், வித்து முழுசாக அதன் வயிற்றைக் கடந்து வேறொரு இடத்தில் விழும். விளாம்பழத்தை யானை அப்படியே விழுங்கும், ஓடு உடைகிற வேலை அதற்கு வெளியே நடப்பதில்லை, வித்து லத்தியோடு முளைக்கும். வீரைப்பழத்தைக் குரங்கும் பறவையும் காவும். இலுப்பையின் கதை இன்னும் ருசியானது. அதன் பூவைத் தேடி இரவில் வருவது வௌவால், மகரந்தத்தைக் காவுவதும் அதுதான். பழத்தின் சதையைத் தின்றுவிட்டு விதையைக் கீழே போடுவதும் வௌவால்தான். கடையில் இலுப்பெண்ணெய் இருந்தால் வாங்குங்கள், கோயில் விளக்குக்கு நல்லது. அந்த எண்ணெய்க்கான விதையைப் பொறுக்குகிற பிள்ளைகள் போய் நிற்பது வௌவால் தின்றுவிட்டுப் போட்ட இடத்தில். வௌவாலுக்குச் சம்பளம் யாரும் கொடுப்பதில்லை.

யானையைப் பற்றி இப்படி எழுதுவதை என் பக்கத்து வீட்டுக்காரர் வாசித்தால் கோபப்படுவார். இரவில் யானை வெடி கொளுத்தி விழித்திருக்கிறவருக்கு விதை பரப்புகிற கதை எடுபடாது. அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. காட்டின் நன்மை இந்தக் கடைக்கும், தேன் எடுக்கிறவனுக்கும், குளத்தில் தண்ணீர் நிற்பதால் எல்லோருக்கும் போகிறது. தென்னம்பிள்ளை முறிகிற நட்டமோ காட்டோரத்தில் குடியிருக்கிறவன் ஒருவன் தலையில் விழுகிறது. உயிர்ப் பல்வகைமை மனிதருக்கு நன்மை என்று மேடையில் பேசுகிறவர்கள், எந்த மனிதருக்கு என்றும் கூடவே சொன்னால் நல்லது.

தேனுக்காகப் போகிறவர்கள் கவனிக்காமல் விடுவது, கொட்டிலின் பின்பக்கம். அரை ஏக்கருக்குக் கிட்ட ஒரு தோட்டம். கத்தரி, மிளகாய், பூசணி, பயற்றை, முருங்கை, நடுவில் வாழை. அங்கே பறித்த கத்தரிக்காயும் பூசணிக்காயும் மேசையின் ஓரத்தில் இருக்கும், விலையும் சந்தையைவிடக் குறைவு. வேலிக்குப் பக்கத்தில் பட்டுப்போன மரக்குற்றி ஒன்று துளை துளையாகக் கிடந்தது. தாய் அதை விறகாக்கப் போவதாகச் சொன்னார். நான் மறித்தேன்.

"தங்கச்சி, அதை விடுங்கோ. உந்தக் கருவண்டு இல்லாட்டி உங்கட கத்தரி இப்பிடிக் காய்க்காது."

அவர் சிரித்தார், ஆனால் குற்றி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

விஷயம் இதுதான். கத்தரிப் பூவிலும் தக்காளிப் பூவிலும் மகரந்தம் ஒரு குழாய்க்குள் அடைபட்டிருக்கும், நுனியில் சின்னத் துவாரம் மட்டும். வண்டு பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தன் உடம்பை அதிரவைத்தால்தான் மகரந்தம் கொட்டும். மரத்தைத் துளைத்துக் குடியிருக்கிற பெரிய கருவண்டும், நிலத்தில் வளை தோண்டுகிற நீலக்கோட்டு வண்டும் அதைச் செய்யும். தேன் தருகிற தேனீக்களுக்கு அந்த வித்தை வராது. பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. காலையில் விரிந்து மதியத்துக்குள் சுருங்கிவிடும். அதற்குள் யாராவது வந்து போக வேண்டும், அங்கே தேனீக்கள் போதும். ஆகவே தேன் கூட்டை மட்டும் காப்பாற்றிக்கொண்டு மற்ற வண்டுகளை மருந்தடித்துக் கொன்றால், போத்தலில் தேன் இருக்கும், கறிச்சட்டியில் கத்தரிக்காய் குறையும்.

உலக அளவில் முக்கியமான 115 உணவுப் பயிர்களை எடுத்துப் பார்த்த ஆய்வொன்று 2007இல் வந்தது. அவற்றில் 87 பயிர்கள் ஏதோ ஒரு அளவுக்குப் பூச்சி, பறவை, வௌவால் போன்றவற்றின் மகரந்தச் சேர்க்கையை நம்பியிருக்கின்றன. அதைவிட என்னை யோசிக்க வைத்தது இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் கோப்பித் தோட்டங்களில் நடந்த ஆய்வு. மூன்று இனத் தேனீக்கள் மட்டும் வந்துபோன தோட்டங்களில் நூறு பூவுக்கு அறுபது காயானது. இருபது இனம் வந்துபோன தோட்டங்களில் தொண்ணூறு. எத்தனை தேனீ வந்தது என்ற எண்ணிக்கையைவிட எத்தனை வகை வந்தது என்பதுதான் வித்தியாசத்தைக் காட்டியது. ஒன்று நிழலில் பூத்ததைப் பார்க்கும், ஒன்று வெயிலில், ஒன்று மேல் கொப்பில், ஒன்று கீழே.

சரி, அரிசி. மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் என்ற பழைய ரகங்கள் வைத்திருக்கிறார்கள். மொட்டைக்கறுப்பன் புட்டுக்கும் கஞ்சிக்கும் அருமை, சோறாக்கினால் கறி கொஞ்சம் காரமாக இருக்க வேண்டும். கல் இருக்கும், அரித்துப் போடுங்கள். பச்சைப்பெருமாள் இந்த முறை பழைய இருப்பு, வண்டு விழுந்திருந்தது. நான் திருப்பிக் கொடுத்தேன், முகம் சுளிக்காமல் காசைத் தந்தார்கள்.

இந்த நெல்லைக் கொடுக்கிற கமக்காரர் பக்கத்திலேயே வயல் செய்கிறவர். ஒரு வயலில் புதுரகம், அடுத்த வயலில் இது. ரகம் கலந்து நிற்பதில் லாபம் உண்டா என்று கேட்டால், சீனாவின் யுன்னான் மாகாணத்தைப் பார்க்க வேண்டும். 1998இலும் 1999இலும் அங்கே ஆயிரக்கணக்கான கமக்காரர்கள், எரிபந்த நோய்க்குச் சுலபமாக விழுந்துவிடுகிற, ஆனால் சந்தையில் நல்ல விலை போகிற ஒட்டரிசி ரகத்தைத் தனியாக நடாமல், நோய் தாங்குகிற கலப்பின ரகத்தின் சில வரிகளுக்கு ஒரு வரியாக இடையில் நட்டார்கள். தனியாக நட்ட வயலோடு பார்க்கும்போது அந்த ரகத்தில் எரிபந்தம் 94 சதவீதம் குறைந்தது, விளைச்சல் 89 சதவீதம் கூடியது. நோயின் வித்து காற்றில் பறந்து போய் விழுகிற அடுத்த வரி, அதற்குப் பிடிக்காத வரி, அவ்வளவுதான். இரண்டாம் வருடத்தோடு பூஞ்சண மருந்து அடிப்பதையே விட்டார்கள். ஆனால் அங்கே கையால் வரி வரியாக வெட்டிப் பிரித்தெடுத்தார்கள். எங்கள் ஊரில் வெட்டுகிறது இயந்திரம், வாங்குகிற ஆலைக்காரருக்கு ஒரே மாதிரி மணி வேண்டும். இதை அப்படியே இங்கே செய்யுங்கள் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அடுத்தடுத்த வயல்களில் ரகத்தை மாற்றிப் போடலாம், அது முடியும்.

வயலைப் பற்றிப் பேசிவிட்டு, நெல்லைத் தாக்குகிற அறக்கொட்டிப் பூச்சியை விட முடியாது. வட்டம் வட்டமாக வயல் கருகும்போது கமக்காரர் மருந்துக் கடைக்குத்தான் ஓடுவார். இந்தோனேசியாவும் அப்படித்தான் ஓடியது. மருந்து அடிக்க அடிக்க அறக்கொட்டி கூடியது, ஏனென்றால் அதைத் தின்கிற சிலந்தியும், அதன் முட்டையை உறிஞ்சுகிற சின்னப் பூச்சியும் முதலில் செத்தன. 1986இல் அந்த நாட்டு அரசாங்கம் நெல்லுக்கு அடிக்கிற 57 பூச்சிமருந்துகளை ஒரே ஆணையில் தடை செய்து, கமக்காரருக்கு வயலிலேயே பூச்சியை இனங்காணப் பழக்கியது. நெல் விளைச்சல் சரியவில்லை. எங்கள் நாட்டில் 2021இல் இரசாயன உரத்தை ஒரே அடியாக நிறுத்தினார்களே, அதை இதோடு குழப்பாதீர்கள். பூச்சியைத் தின்கிற பூச்சிகள் வயலில் தயாராக இருந்தன, மருந்தை நிறுத்தினால் அவை திரும்பி வந்து வேலையைப் பார்க்கும். உரம் நிறுத்தினால் அந்த நைதரசனைக் கொடுக்க மறுநாளே வயலில் யாரும் வந்து நிற்பதில்லை. அந்தப் பெரும்போகத்தில் விளைச்சல் விழுந்ததை எல்லோரும் பார்த்தோம்.

மீன் கருவாடும் இருக்கிறது, முத்தையன்கட்டுக் குளத்து மீன். இதில் என் கட்சிக்கு எதிரான சாட்சியைச் சொல்லியே ஆக வேண்டும். கருவாட்டில் பெரும்பங்கு யப்பான் மீன், அதாவது திலாப்பியா. 1952இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து இலங்கைக் குளங்களில் விட்டது. அதற்கு முன் எங்கள் குளங்களில் விராலும் குறவையும் கெளுத்தியும் இருந்தன, ஆனால் ஆற்றுமீன்களான அவை குளத்து ஆழத்தில் பெரிய வலைப்பாட்டைத் தரவில்லை. யப்பான் வந்த பிறகுதான் குளத்து மீன்பிடி ஒரு தொழிலானது. ஆக, ஒற்றை இனமே ஊருக்குச் சோறு போட்டது, அதுவும் வந்தேறி. வகை கூடினால்தான் விளைச்சல் கூடும் என்பது எல்லா இடத்திலும் சரிவராது. ஆனால் குளம் வற்றிச் சேறாகிக் கிடக்கும்போது யப்பான் மூச்சுத்திணறி மிதக்கும், விரால் காற்றைக் குடித்துக்கொண்டு சேற்றுக்குள் கிடக்கும். 2016, 2017 வரட்சியை மறக்காதவர்கள் விராலையும் மதிப்பார்கள். விரால் கருவாடு கிடைத்தால் விடாதீர்கள். யப்பான் கருவாட்டில் உப்பு கூட, ஊறவைத்துக் கழுவ வேண்டும்.

நான் அங்கே நின்ற ஒரு பொழுது, வாகனத்தில் வந்த சில பேர் மேசையைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "மான் வத்தல், மரை வத்தல் இல்லையா?" என்று கேட்டார்கள். தாய் இல்லையென்று தலையாட்டினார். "இருக்கும் அம்மா, பாத்துச் சொல்லுங்கோ" என்று விடாமல் நின்றார்கள். தேன் கூட வாங்காமல் போனார்கள். காட்டு இறைச்சி விற்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். தேன் எடுக்கப் போகிற தன் தம்பி, இறைச்சிக்காரன் கட்டி வைத்த பொறியில் கால் வைத்துவிடுவானோ என்ற பயம் அவருக்கு மற்றப் பக்கம். சட்டத்தைவிட அந்தப் பயம்தான் இந்தக் கடையைச் சுத்தமாக வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

தம்பி தேன் எடுக்கிற முறையையும் விசாரித்தேன். பெருந்தேனில் தேன் இருக்கிற பகுதியை மட்டும் அறுத்து, புழு இருக்கிற பகுதியை விட்டு வருவதாகச் சொன்னார். புகை போடுவார், தீ வைப்பதில்லை. அப்படியானால் நல்லது. இன்னொன்றும் சொன்னார்: முன்பு கூட்டாளிகள் சிலர்தான் காட்டுக்குப் போவார்கள், இப்போது தேனுக்கு விலை ஏறியதால் தெரியாதவர்களும் போய் முழு அடையையும் வழித்துக்கொண்டு வருகிறார்கள். இந்த மதிப்புரையை வாசித்துவிட்டு எல்லோரும் அங்கே போய் நின்றால் அதுவும் கூடத்தான் செய்யும். எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன். ஆனால் வாங்குகிற ஆள் இல்லையென்றால் அந்தக் காட்டை வெட்டித் தேக்கு வைக்கலாம், மரமுந்திரிகை வைக்கலாம் என்று யோசிக்கிற ஆட்கள் நிறைய. நின்ற காட்டிலிருந்து காசு வருகிறது என்று காட்டுவதற்கு இப்படி ஒரு கடை வேண்டும்.

மிச்சக் குறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எல்லாவற்றையும் மெல்லிய பிளாஸ்ரிக் பையில் சுற்றித் தருகிறார்கள். வீட்டிலிருந்து பை கொண்டுபோங்கள், பன் பெட்டி கேட்டால் தனியாகக் காசு. அட்டை எடுக்க மாட்டார்கள், காசுதான். வெள்ளிக்கிழமை பகலில் திறப்பதில்லை, வற்றாப்பளைப் பொங்கல் நாட்களில் பாலைப்பழம் முழுக்கக் கோயில் வாசலுக்குப் போய்விடும், கடையில் தேடிப் பயனில்லை. பழைய சாராயப் போத்தலில் தேன் ஊற்றுகிறார்கள், கழுவித்தான் ஊற்றுகிறார்கள் என்றாலும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் வேறு போத்தலில் மாற்றிக்கொள்வது நல்லது.

முதல் தடவை போகிறவர்கள் பொந்துத்தேன் ஒரு போத்தல், மொட்டைக்கறுப்பன் ஒரு கிலோ, மேசையோரம் இருக்கிற கத்தரிக்காய், இவ்வளவும் வாங்குங்கள். பெருந்தேன் வாங்கினால் முதல் ஒரு கிழமை மூடியை இறுக்காமல் வையுங்கள். புழுக்கொடியலை, அதாவது அவித்துக் காயவைத்த பனங்கிழங்கை, மட்டும் அங்கே வாங்க வேண்டாம். அது அவர்களுடைய பனையிலிருந்து வந்ததல்ல, யாரோ மொத்தமாகக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவது, பாதி பூஞ்சணம்.